மூன்று தீவுகளும் ஓர் அண்டாவும்

முதல் நாள் காலை, ஹோட்டல் வாசலில் சிஸ்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளங்கை வானம் பார்த்திருந்தது. தூறுகிறதா என்று பார்ப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், ஆனால் அன்று தூறல் இல்லை. பிரிஞ்சாங் என்ற அந்த மலையூர் முழுவதையும் பனி மூடியிருந்தது. எதிர்ச் சாரிக் கடைகளைக் காணவில்லை, சாலையைக் காணவில்லை. காய்கறி லோரி ஒன்று முனகிக்கொண்டே மேடு ஏறும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. பனி அவருடைய விரல்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தது. நான் அருகில் போனதும், "தொட்டால் கொஞ்சமாவது கனம் இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றுமே இல்லையே" என்றார். கடலும் வெயிலும் மட்டுமே உள்ள ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தவர். முந்தைய மாலை சந்தையில் வாங்கிய சிவப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார், நெஞ்சில் பெரிதாக ஒரு ஸ்ட்ராபெரிப் பழம். ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கே தலைவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று இருந்தது. அதை அவர் நாட்டில் யாரும் சொல்வதில்லை. தாதியாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், துறைத் தலைவரான பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அதிபர்கூட அப்படித்தான் கூப்பிடுவாராம். நாங்களும் கூப்பிட்டோம்.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் கொஞ்சம் நாக்கு குழறும். என் அம்மாவுக்கு அந்தச் சிரமமே இருந்ததில்லை. "எம் பொண்ணு கவர்மெண்டுக்கே காசு வாங்கிக் குடுக்குது லா" என்று எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்கள் என்னைச் சற்றுப் பயத்தோடுதான் பார்த்தார்கள். உண்மையில் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பெருந்தொற்றில் பட்ட பாட்டுக்குப் பிறகு, பல நாடுகள் சேர்ந்து ஒரு பொது நிதியைப் போட்டு வைத்தன. அடுத்த நோய் வருவதற்குள் நல்ல ஆய்வுக்கூடம், பயிற்சி பெற்ற ஆட்கள், நோய் பரவுவதை முன்னமே கவனிக்கும் ஏற்பாடு என்று ஏழை நாட்டு அரசாங்கங்கள் தங்கள் பொதுச் சுகாதாரத்தைப் பலப்படுத்திக்கொள்ள அதிலிருந்து கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்பதற்கும் ஆள் வேண்டும். பெரிய நாடுகளில் அதற்கென்றே ஒரு மாடி நிறைய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டரின் சுகாதாரத் துறை மொத்தமும் ஒரு வேனில் ஏறிவிடும். அப்படிப்பட்ட அரசாங்கங்களோடு உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை நிதிக்காரர்களுக்குப் புரியும்படி எழுத உதவுவதுதான் எங்கள் குழுவின் வேலை. அந்த முறை அதை பிரிஞ்சாங்கில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான். கோலாலம்பூரில் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கடைவீதியில்தான் இருப்பார்கள் என்று அலுவலகத்தில் காரணம் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்த அந்தத் தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதைச் சொல்லவில்லை.

வந்திருந்தவர்கள் மூன்று தீவு நாடுகளின் ஆட்கள். மூன்றும் ஒரே கடலில் அருகருகே கிடப்பவை. தனித்தனியாகக் கேட்டால் கிடைப்பது கஷ்டம், சேர்ந்து கேளுங்கள் என்று நிதிக்காரர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஆய்வுக்கூடம். அதுவரை மூவரிடமும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்று இல்லை. ஒருவருக்குப் புரியாத காய்ச்சல் வந்தால், ரத்த மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எங்கோ தொலைவில் இருக்கும் வேறொரு நாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. ஆய்வுக்கூடம் எந்தத் தீவில் என்ற ஓர் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. வார இறுதிக்குள் மூன்று கையெழுத்தும் விழாவிட்டால் அந்த நிதிச் சுற்று கைவிட்டுப் போய்விடும். அடுத்த சுற்று எப்போது, வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது.

பெரிய தீவின் செயலாளர் நெடிய மனிதர், மெதுவாகப் பேசுவார். "எங்களிடம் விமான நிலையம் இருக்கிறது" என்று ஆரம்பிப்பார். அடுத்த தீவின் இயக்குநர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எங்களிடம் பல்கலைக்கழகம் இருக்கிறது" என்பார். இருவரும் ஒருவரையொருவர் "என் மதிப்புக்குரிய நண்பர்" என்று சொல்லியே சண்டை போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி வரும், போகும். கியா பார்ம் பக்கத்து மலை ஒன்று சட்டென்று முளைத்து நிற்கும், தேநீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் அந்த மலை இருக்காது. அந்த அறையில் கழிந்த நாட்களை நினைத்தால், எது காலை எது மாலை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரே வெள்ளை வெளிச்சமும் இரண்டு குரல்களும்தான் நினைவில் இருக்கின்றன. சிஸ்டர் பேசவே இல்லை. அவருடைய தீவில் விமான நிலையமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. கப்பல் வந்தால்தான் அரிசியே வரும்.

ஒரு மாலை அவரை நடக்கக் கூட்டிப்போனேன். சாலை வளைவு தாண்டியதும் தேயிலைச் சரிவு ஆரம்பிக்கும். என் சிறுவயதில் அங்கே கூடை கட்டிய பெண்கள் நிரை நிரையாக நின்றிருப்பார்கள். இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டிரண்டு பேராக வெட்டு இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செடிக்கு மேலே நகர்ந்து போகிறார்கள். பனியில் இயந்திரத்தின் உறுமல் மட்டும் வந்தது, ஆட்கள் தெரியவில்லை. அங்கே நின்றுதான் சிஸ்டர் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் சேற்றில் இறங்கிக் கால்வாய் வெட்டினாராம். காலில் சின்னக் கீறல். சில நாளில் காய்ச்சல். வழக்கமாகக் கொடுக்கும் மருந்தையெல்லாம் சிஸ்டரே தன் கையால் கொடுத்தார், இறங்கவில்லை. ரத்த மாதிரி கப்பல் ஏறியது. பதில் வந்தபோது கணவரைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது.

"சேற்றில் இருக்கும் ஒரு கிருமி அது. வழக்கமான மருந்துக்கு அடங்காது" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "தெரிந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார். அது பொல்லாத நோய், புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அவருக்காக நான் இதைக் கேட்கவில்லை, பின்னால் வருகிறவர்களுக்காகத்தான்" என்றார். சொல்லும்போது குரலில் எந்த ஆட்டமும் இல்லை. பல தடவை சொல்லிப் பழகியது போல இருந்தது. இந்த அம்மாளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. எங்கள் வேலையில் அப்படித் தோன்றவே கூடாது.

அன்று இரவுச் சாப்பாடு ஸ்டீம்போட். எங்கள் மலைக்கு வருகிறவர்கள் குளிருக்கு அதைச் சாப்பிடாமல் போவதில்லை. நடுவில் ஒரு சட்டி கொதிக்கும், சுற்றி உட்கார்ந்தவர்கள் கீரையையும் மீனையும் அதில் போட்டு எடுத்துக்கொள்வார்கள். மூன்று நாடும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தோட்டத்து அண்டா ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று லயங்கள். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை நாங்கள் லயம் என்போம். மேல் லயமும் கீழ் லயமும் பெரியவை. பள்ளத்து லயம் சின்னது, ஓடைக்கரையில் கொஞ்சம் வீடுகள். திருவிழாவுக்கு மூன்று லயத்துக்கும் சேர்த்துச் சோறு பொங்கும் பெரிய செம்பு அண்டா பள்ளத்து லயத்துக் கோயிலில்தான் இருக்கும். அங்கே ஏழைபாழைகள், சனமும் குறைவு, அவர்களுக்கும் ஒரு பெருமை இருக்கட்டும் என்று பெரிய லயத்துக்காரர்கள் மனமுவந்து கொடுத்தார்களாம். சிறுவயதிலிருந்து நான் கேட்ட கதை இது. கேட்கும்போதெல்லாம் எங்கள் சனத்தை நினைத்துப் பெருமையாக இருக்கும். அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். நன்றாகவும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். இயக்குநர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

மறுநாள் காலை, "எங்களிடம் விமான நிலையம் இருக்கிறது" என்று ஆரம்பித்தார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனால் செயலாளர் அன்று மதியம், அந்த அண்டாவைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வேலை நகராமல் கிடந்தது, எல்லோருக்கும் அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. நால்வரும் வேனில் ஏறிக் கிளம்பினோம். தேயிலைக்கு நடுவே மண்பாதை இறங்கி இறங்கிப் போனது. பள்ளத்து லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கோயில் வாசலில் மாமா நின்றிருந்தார். என் அத்தையைக் கட்டியவர், பள்ளத்து லயத்திலேயே பிறந்தவர். வாழ்நாள் முழுக்கக் காய்கறி லோரி ஓட்டிவிட்டு இப்போது கோயில் தலைவராக இருக்கிறார். அண்டாவைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் முதுகில் பனி நீர் கோத்திருந்தது. சிஸ்டர் குனிந்து கைக்குட்டையால் அதைத் துடைத்தார், ஏன் என்று தெரியவில்லை.

"மாமா, இது ஏன் இங்க இருக்குன்னு இவங்க கேக்குறாங்க. நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"ஏன்னா? சண்ட லா" என்றார் மாமா.

"என்ன சண்ட?"

"மேல் லயத்துக்காரன் எங்க கோயில்லதான் வெப்போம்னான். கீழ் லயத்துக்காரன் விடுவானா? அடிச்சிக்கிட்டாங்க. தோட்டத்துத் தொரையே வந்து வெலக்குற மாதிரி ஆயிருச்சி. கடைசில ரெண்டு பேரும் ஒரே பேச்சா சொன்னாங்க, எனக்கு இல்லாட்டியும் பரவால்ல, அவனுக்குப் போவக் கூடாதுன்னு. அப்ப மிச்சம் யாரு, நாங்கதான். கொண்டாந்து இங்க போட்டுட்டுப் போய்ட்டாங்க."

"சின்ன லயம், பாவம்னு மனசாரக் குடுத்தாங்கன்னு சொன்னாங்களே மாமா."

"யாரு சொன்னா, ஒங்கம்மாவா? அது மேல் லயத்துப் பொண்ணு. அப்பிடித்தான் சொல்லும்."

சொல்லிவிட்டு மாமா சிரித்தார். சண்டை எப்படி நடந்தது என்று காட்ட இரண்டு முஷ்டியையும் மோதிக் காட்டினார். செயலாளர் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். மொழிபெயர்க்கிறவளுக்கு அந்த நேரத்தில் நிறைய வசதி உண்டு. நான் முந்தைய இரவு சொன்ன கதையையே கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், மாமாவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் முகம் எனக்குச் சுண்டிப் போயிருந்தது போலும். சிஸ்டர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "அவர் சொன்னதை அப்படியே சொல்" என்றார். அப்படியே சொன்னேன். எங்கள் சனத்தின் பெருந்தன்மையை என் வாயாலேயே கழற்றிப் போட வேண்டியதாயிற்று.

செயலாளர் அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, சண்டைக்காரர்களெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பார்களே, இப்போது எடுத்துப் பெரிய லயத்தில் வைக்கலாமே, இங்கே பாதுகாப்பது கஷ்டமில்லையா என்று மாமாவிடம் கேட்கச் சொன்னார்.

"எடுத்தா மறுபடியும் சண்ட வரும்" என்றார் மாமா. "இங்க இருந்தா எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. தூக்குற கழிக்கு ஒரு பக்கம் மேல் லயம், ஒரு பக்கம் கீழ் லயம். ஒருத்தன் இல்லாம ஒருத்தன் தொடவிடமாட்டான். ஈயம் பூசணும்னா ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு ஆளக் கூட்டியாருவானுங்க. இந்தப் பாத கெடந்த கெடப்புக்கு, அண்டா மட்டும் இல்லன்னா எப்பவோ காடா போயிருக்கும் லா."

அதை நான் மொழிபெயர்த்து முடித்ததும் செயலாளர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தோள் குலுங்கச் சிரித்தார். இயக்குநர் அம்மையாருக்கும் தொற்றிக்கொண்டது. "என் அமைச்சரிடம் போய், சின்ன நாட்டுக்கு விட்டுக்கொடுத்தோம் என்றால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன் என்றால் கையைக் குலுக்குவார்" என்றார் செயலாளர், அம்மையாரைக் காட்டி. "என் அமைச்சரும் அதே ரகம்தான்" என்றார் அம்மையார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விருந்தாளிகள் சிரிக்கிறார்களே என்று அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அத்தையைத் தேத்தண்ணி போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

திரும்பும் வழியில் வேனிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆய்வுக்கூடம் சிஸ்டரின் தீவில். விமான நிலையம் வைத்திருக்கிறவர்கள் வாரம் தவறாமல் ஒரு சின்ன விமானம் அனுப்புவார்கள், அது கடற்கரைப் புல்வெளியில் இறங்கும். பல்கலைக்கழகம் வைத்திருக்கிறவர்கள் ஆட்களைத் தயார் செய்வார்கள். இரண்டு நாட்டு ஆட்களும் எப்போதும் அங்கே இருக்க வேண்டும், ஒருவர் இல்லாமல் இன்னொருவர் எதையும் தொடக்கூடாது. ஒருவரையொருவர் கண்காணிப்பதற்காக எழுதிய அந்த நிபந்தனைதான் பிறகு விண்ணப்பத்தில் எல்லோரும் பாராட்டிய பகுதியானது. நாடுகளுக்கிடையே நம்பிக்கையின் அடையாளம் என்று நிதிக்காரர்கள் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். வேனில் அவர்கள் இருவரும் பேசப் பேச, சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். தேயிலைச் சரிவுகள் பனிக்குள் போய் வந்துகொண்டிருந்தன. அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் இழுத்தடித்த கதைதான். அவ்வளவு சின்னத் தீவிலா, மின்சாரம் நிற்காதா, உப்புக் காற்றில் கருவிகள் கெட்டுப்போகாதா என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினோம். செயலாளரும் அம்மையாரும் யார் அதிகம் எழுதுவது என்று போட்டி போட்டார்கள். நிதி கிடைத்தது, கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு என்னால் போக முடியவில்லை. சிஸ்டர் படங்கள் அனுப்பியிருந்தார். நீலக் கூரை, வாசலில் தென்னை, கொளுத்தும் வெயில். அந்த வெயிலில் ஸ்ட்ராபெரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

போன மாதம் திருவிழாவுக்காகத் தோட்டத்துக்கு வந்திருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. சத்தத்திலிருந்து ஒதுங்கித் தேயிலை ஓரமாக வந்து நின்றுகொண்டேன். என் பக்கத்தில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது, அவர் பக்கத்தில் காற்றுச் சத்தம். ஒரு மீனவன் காய்ச்சலோடு வந்தானாம். காலில் கீறல், சேற்றில் நின்றவன். வழக்கமான மருந்துக்கு இறங்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், மறுநாளே தெரிந்துவிட்டது, அதே கிருமி. மருந்தை மாற்றினார்கள். இப்போது எழுந்து உட்கார்ந்து, பொரித்த மீன் வேண்டும் என்று தொல்லை கொடுக்கிறானாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னென்னவோ சொன்னேன், வாழ்த்தினேன், மாமாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். வெகுநேரம் கழித்துத்தான் அவர் பதில் பேசவில்லை என்பதைக் கவனித்தேன்.

"நான் எல்லோரிடமும் ஒன்று சொல்வேனே, உன்னிடமும் சொன்னேன்" என்றார். "தெரிந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்று."

"சொன்னீர்கள்."

"பிழைத்திருப்பார்."

இத்தனை வருஷம் அவர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டு வாங்கி, கட்டி நிறுத்திய அந்த ஆய்வுக்கூடமே கடைசியில் அந்த வாக்கியத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. நானும் அதற்குத் துணை நின்றேன்.

"மீனவனின் மனைவி வாசலில் நிற்கிறாள்" என்றார் சிஸ்டர். "எனக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாளாம். வந்து நேரமாகிறது, நான் இன்னும் வெளியே போகவில்லை. கொஞ்சம் என்னோடு இரு, பிறகு போகிறேன்."

இருக்கிறேன் என்றேன். காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது, ஒரு பெண் அழுதுகொண்டே ஏதோ சொல்வது கேட்டது, "சாப்பிட்டாயா நீ?" என்று சிஸ்டர் அவளைக் கேட்டார்.